மண்டையோட்டில் தொடங்காதீர்கள்

கேள்வி:

திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். நவம்பர் முதல் வாரம் எங்கள் பள்ளியில் ‘உலகப் பண்டிகைகள் வாரம்’. வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு மெக்சிகோ விழுந்தது. பண்டிகை, ‘இறந்தோர் தினம்’. வாரக் கடைசியில் எல்லா வகுப்பும் அந்தந்த நாட்டு வேஷத்தில் மேடை ஏற வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு எலும்புக்கூடு மாதிரி முகத்தில் பெயின்ட் அடித்துவிடலாம் என்று தாளாளரே யோசனை சொன்னார்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்ட அன்றே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. “சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்த சுடுகாட்டு வேஷம்?” என்று ஒரு அம்மா கேட்டார். “இது எங்கள் மதத்தில் இல்லையே, பிள்ளையை ஏன் கும்பிட வைக்கிறீர்கள்?” என்று ஒரு அப்பா. இதற்கிடையில், என் வகுப்பில் ஒரு பையனுடைய தாத்தா போன ஆடியில்தான் இறந்துபோனார். தினமும் அவனைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

வேறு பண்டிகையை மாற்றிக் கேட்டு வாங்கிவிடலாமா? நடத்துவதாக இருந்தால் எப்படி நடத்துவது? “ஆவி நிஜமாவே வருமா மிஸ்?” என்று ஒருத்தி இப்போதே கேட்டுவிட்டாள். என்ன சொல்ல?

– ஓர் ஆசிரியை, திருச்சி

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாற்றிக் கேட்க வேண்டாம். சீட்டு எழுதியவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, திருச்சிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான வெளிநாட்டுப் பண்டிகை கிடைப்பது கஷ்டம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் தொல்லை பண்டிகையால் வந்ததில்லை, அந்த முகப் பெயின்ட்டால் வந்தது. அதை முதலில் எடுத்துப் போட்டுவிடுவோம்.

எலும்பு முகம், பூ வைத்த அகலத் தொப்பி. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணுக்கு கத்ரீனா என்று பெயர். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சோவியர் உலோகத் தகட்டில் பொறித்த கேலிச்சித்திரம் அது. சொந்தப் பூர்வகுடிப் பிறப்பை மறைத்துக்கொண்டு ஐரோப்பியச் சீமாட்டியைப் போலப் பவுசு காட்டியவர்களைக் கிண்டலடிக்க வரைந்தது. போசாதா 1913இல் இறந்தார். 1947இல் தியேகோ ரிவேரா, மெக்சிகோ நகரத்து ஹோட்டல் ஒன்றுக்காக வரைந்த பெரிய சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடம்பும் நீண்ட அங்கியும் கொடுத்து நடுவில் நிறுத்தினார். பத்திரிகை நையாண்டியாகப் பிறந்தவள் பண்டிகையின் முகமாக ஆனது அதன் பிறகுதான்.

மேடை அணிவகுப்புக்கு மாதிரியாக உங்கள் தாளாளர் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பிரம்மாண்ட ஊர்வலம் இன்னும் புதியது. 2015இல் வந்த ‘ஸ்பெக்டர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படம், மெக்சிகோ நகரத் தெருவில் ராட்சத எலும்புக்கூடுகள் ஊர்வலம் போவதாகக் காட்டித் தொடங்கும். அப்படியொரு ஊர்வலம் அந்நகரத்தில் அதற்கு முன்பு நடந்ததில்லை. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தேடுவார்களே என்று 2016இலிருந்து அதிகாரிகளே நடத்தத் தொடங்கினார்கள். சினிமா செட்டைப் பார்த்து ஊர் தன் திருவிழாவை அமைத்துக்கொண்டது! அதற்காக ஊர்வலம் போலி என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்க வரும் உள்ளூர்க் குழந்தைகளுக்கு இனி அதுவும் பண்டிகைதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு பண்டிகையை முதல்முதலாக அறிமுகப்படுத்தும்போது, அதில் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டதிலிருந்து ஆரம்பிப்பானேன்?

எந்த ஊர்ப் பண்டிகையானாலும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அன்றைக்கு ஒரு வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். உடை, கொடி, வாழ்த்துச் சொல் எல்லாம் அப்புறம். வேலையைச் சொன்னால் பிள்ளைகள் தங்களை அதற்குள் வைத்துப் பார்ப்பார்கள். தீபாவளி என்றால் உங்கள் வகுப்புப் பையனுக்கு என்ன நினைவு வரும்? முறுக்கு அச்சைப் பிழிய முடியாமல் அம்மா அவனைக் கூப்பிட்டது வரும். நரகாசுரன் அதற்குப் பின்னால்தான் வருவான்.

ஆகவே தெற்கு மெக்சிகோவில், ஒவாஹாக்கா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் சந்தை முழுக்கப் பூ. ஆரஞ்சு நிறச் செண்டுமல்லியும் சிவப்புக் கோழிக்கொண்டையும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, துணி விரித்து, கரும்பாலோ நாணலாலோ வளைவு கட்டிப் பூ சுற்றுவார்கள். இறந்துபோனவர்களின் புகைப்படங்களை மேசையில் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். நெடுந்தூரம் நடந்து வருகிறவருக்குத் தாகம் எடுக்கும் அல்லவா? கொஞ்சம் உப்பு, மெழுகுவர்த்திகள், கோப்பால் என்ற மரப்பிசினின் புகை. தெருவாசலிலிருந்து மேசை வரைக்கும் செண்டுமல்லி இதழ்களை உதிர்த்து ஒரு தடம் போடுவது பெரும்பாலும் சிறுவர் வேலை. அந்த நிறத்தையும் வாடையையும் பிடித்துக்கொண்டு வருகிறவர் வழி தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது நம்பிக்கை.

அடுப்படியில் அதைவிட வேலை. மிளகாய், விதைகள், சாக்லேட் எல்லாம் வறுத்து அரைத்து மோலே என்ற கெட்டிக் குழம்பு தயாராகும். மக்காச்சோள மாவில் அதை வைத்து, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது தமால். நம்முடைய இலைக் கொழுக்கட்டையைப் போல ஒன்று என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். உருண்டை ரொட்டியின் மேல் எலும்பு மாதிரி மாவைத் திரித்து ஒட்டிச் சுட்டெடுப்பதும் உண்டு. பல ஊர்களில் நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கான மேசையில் மிட்டாயும் பொம்மையும் இருக்கும். பெரியவருக்கு, உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அது. சிகரெட் பிடித்தவருக்கு சிகரெட், மெஸ்கால் என்ற சாராயம் குடித்தவருக்கு ஒரு சின்னக் கோப்பை. பிறகு அந்தப் பண்டங்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும்.

இந்த இடத்தில் உங்கள் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும். “மிஸ், எங்க வீட்டுப் படையல்ல தாத்தாவுக்குச் சுருட்டு வைப்பாங்க!” தூக்கவில்லை என்றால்தான் நான் ஆச்சரியப்படுவேன். சீட்டில் உங்களுக்கு நல்லதுதான் விழுந்தது என்று சொன்னது இதற்காகத்தான். நவம்பர் 2 உங்கள் ஊரிலும் பண்டிகை நாள். அன்று கல்லறைத் திருநாள். திருச்சியின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாதிரியார் வந்து மந்திரிக்கும்வரை நிற்பார்கள். மெக்சிகோவின் பண்டிகையும் அதே திருச்சபை நாட்காட்டியில்தான் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் அம்மா மண்டபம் படித்துறையில் எவ்வளவு கூட்டம் என்பது உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பராஅத் இரவில் கபர்ஸ்தானுக்குப் போய் துஆ செய்கிற குடும்பத்துப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

செண்டுமல்லி இன்னொரு கண்ணி. ஆயுத பூஜைக்கு நாம் கதவுக்கும் காருக்கும் கட்டும் அந்தப் பூவின் பிறப்பிடமே மெக்சிகோ பக்கம்தான். ஸ்பானியர் அமெரிக்காவுக்குப் போன பிறகு கப்பலேறி உலகம் சுற்றி நம்மிடம் வந்தது. மிளகாயும் அப்படித்தான். காந்தி மார்க்கெட்டில் ஒரு முழம் வாங்கி வகுப்பில் கைமாற்றி விடுங்கள். உலகப் படத்தில் பூ வந்த வழியை ஒரு பிள்ளை விரலால் இழுத்துக் காட்டட்டும்.

ஆனால் “பார்த்தீர்களா பிள்ளைகளே, உலகம் முழுக்க எல்லாரும் ஒன்றுதான்” என்று முடித்துவிடாதீர்கள். அது பாதி உண்மை, அதனால் சோம்பேறித்தனமானது. வேறுபாடுகளையும் அதே கவனத்தோடு சொல்லுங்கள். திதி கொடுக்கும் நம் வீடுகளில் அன்று ஒரு அடக்கம் இருக்கும். அங்கே பல ஊர்களில் கல்லறைமேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேண்ட் வாத்தியக்காரர்களை அழைத்துவந்து இறந்தவருக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்வார்கள், இரவு முழுக்க விழித்திருப்பார்கள். மிச்சோவாகான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ ஏரியின் நடுவில் ஹனிட்ஸியோ என்றொரு தீவு. இருட்டில் படகேறிக் கல்லறைக்குப் போவதைப் பார்க்கவே வெளியூர்க் கூட்டம் திரள்கிறது. அந்த மாநிலத்து மலைக் காடுகளுக்கு, ஏறக்குறைய அதே நாட்களில், கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேர்கின்றன. இறந்தவர்கள்தான் அப்படி வருகிறார்கள் என்று அங்கே சொல்வார்கள். நம் வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்கள் ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லாமல் இருந்தால் போதும், பிள்ளைகளே பேசுவார்கள்.

மெக்சிகோவில் எல்லாரும் இதைக் கொண்டாடுகிறார்கள் என்றும் சொல்ல வேண்டாம். புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் பல ஒதுங்கி நிற்கும். பண்டிகை அஸ்டெக் காலத்திலிருந்தே வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்த கத்தோலிக்க வழக்கம்தான் என்று வாதாடும் ஆய்வாளர்களும் அதே நாட்டில் உண்டு. ‘ஆதிகாலப் பண்டிகை’ என்று சார்ட்டில் எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீன் என்று யாராவது சொன்னால், அது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து வழக்கத்திலிருந்து வளர்ந்தது, இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் வருவதால் குழப்பம் என்று ஒரு வரி போதும்.

இப்போது அந்தப் பையன். அவன் அம்மாவிடம் முதலில் போனில் பேசுங்கள். குரூப்பில் எழுத வேண்டாம். என்ன செய்யப்போகிறீர்கள், எந்த நாள், எவ்வளவு நேரம் என்று சொல்லி, “அவன் இருக்கலாமா, இல்லை அந்த பீரியட் நூலகத்தில் உட்காரட்டுமா?” என்று கேளுங்கள். பிறகு அவனிடமும் தனியாக அதே கேள்வி. வகுப்பில் எல்லார் முன்னாலும் “உன் தாத்தாவைப் பற்றிச் சொல்லு” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவனாகச் சொன்னால் சொல்லட்டும், அழுதால் அழட்டும். பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவன் பேசாமல் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாலும் சரிதான். வீட்டில் இருக்கும் இறந்தவர் படத்தை எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவர வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். எந்த வீட்டில் என்ன காயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இந்த வயதுக்குச் சாவைப் பற்றிப் பேசலாமா என்று உங்களுக்கே ஒரு தயக்கம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. 1948இல் மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரியக் குழந்தைகளிடம் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டார். மிகச் சிறிய பிள்ளைகள் சாவை ஒரு தூக்கமாகவோ பயணமாகவோ நினைக்கிறார்கள். ஒன்பது வயதை ஒட்டித்தான் அது எல்லாருக்கும் வரும், திரும்ப முடியாதது என்று பிடிபடுகிறது என்றார். பிற்பாடு வந்தவர்கள் அந்த வயதை இன்னும் கீழே கொண்டுவந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பது பெரியவர்கள்தான். “சாமிகிட்ட போயிட்டார்”, “தூங்குறார்” என்று சுற்றி வளைக்காமல் ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்லுங்கள். மெக்சிகோ வீட்டைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் இயல்பாக வந்து விழுவது உங்களுக்கு வசதிதான்.

ஆவி நிஜமாவே வருமா என்று கேட்டவளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: “அந்த வீட்டில் இருக்கிறவர்கள் வருவதாக நம்புகிறார்கள். உன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பாட்டியைக் கேட்டு வந்து எனக்குச் சொல்.” அவள் பாட்டி சொல்வதும் பக்கத்து பெஞ்சுக்காரி பாட்டி சொல்வதும் வேறு வேறாக இருக்கும். அது வகுப்புக்கு நல்லது. உங்கள் சொந்த நம்பிக்கையை அவிழ்க்க அது இடமில்லை, உங்கள் நம்பிக்கையின்மையையும்தான்.

பெற்றோரில் அந்த அப்பா கேட்டதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அரசு அங்கீகரித்த பள்ளியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஒரு பண்டிகையைப் படிப்பது வேறு, செய்வது வேறு. ஆகவே வகுப்பில் நிஜமான மேசை போட்டு, படம் வைத்து, புகை போட்டு, கண்ணை மூடிக் கும்பிடச் சொல்லாதீர்கள். அது மெக்சிகோக்காரர் செய்வதாகவும் இருக்காது, நம்முடையதாகவும் இருக்காது, வெறும் நாடகம். மேசையைப் படமாக வரையட்டும், எது எதற்கு என்று பக்கத்தில் எழுதட்டும். குரூப்பில் வாதாடாமல், அந்த வாரம் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை நாலு வரியில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக அனுப்பச் சொல்லுங்கள். ‘முகப் பெயின்ட் கிடையாது’ என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். சுடுகாட்டு வேஷம் என்று கேட்ட அம்மாவுக்கு அதுவே பதில்.

செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். காகிதத் தோரணம். மெல்லிய வண்ணத் தாள்களை அடுக்கி, உளியும் சுத்தியலும் வைத்து ஒரே நேரத்தில் பல தாள்களில் பூ, பறவை, எலும்புக்கூடு என்று வெட்டி எடுப்பது மெக்சிகோவில் ஒரு கைத்தொழில். பூவெப்லா மாநிலத்து சான் சால்வதோர் விஸ்கொலோத்லா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. உங்களுக்கு உளி வேண்டாம். பட்டம் செய்யும் தாளை நாலாக மடித்து, மடிப்பு ஓரத்தில் அரைவட்டமும் முக்கோணமும் வெட்டி விரித்தால் போதும். முதல் தாளைக் கிழித்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் பிள்ளைக்கு இரண்டாவது தாள் கொடுங்கள். நறுக்குவதைவிட விரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும் என்று அதற்குள் பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த நாட்களில் அங்கே நையாண்டிப் பாட்டு எழுதும் வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கிற ஒருவரைச் சாவு வந்து கூட்டிப்போவதாகக் கிண்டலாக எழுதுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் அரசியல்வாதிகளை அப்படிக் கலாய்த்தார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வாத்தியாரை வைத்தே எழுதுகிறார்கள். நம் ஊரில் தலைமையாசிரியரை வைத்து எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் சாகப்போவது பொருளாக இருக்கட்டும்: தேய்ந்துபோன டஸ்டர், மூடி தொலைந்த பேனா, மூலையில் சாய்ந்து கிடக்கும் துடைப்பம். நாலு வரி, கடைசி இரண்டு வரியில் எதுகை. சாவைக் கண்டு சிரிப்பது எப்படி இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அவர்களே சிரித்துவிடுவார்கள்.

‘கோகோ’ படம் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். இந்தப் பண்டிகையை வைத்து 2017இல் வந்த நல்ல படம். ஆனால் கடைசி நாள் போடுங்கள். முதலிலேயே போட்டால் படத்தில் இருப்பதுதான் மெக்சிகோ என்று ஆகிவிடும். அந்தப் படத்துக்கு வேலை நடந்தபோது, 2013இல், பண்டிகையின் ஸ்பானியப் பெயரையே வணிகக் குறியாகப் பதிய டிஸ்னி நிறுவனம் விண்ணப்பித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. ‘பொங்கல்’ என்ற பெயரை ஒரு கம்பெனி பதிந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பீரியட் ஓடிவிடும்.

மேடைக்கு வருவோம். தாளாளர் விட மாட்டார், விடவும் வேண்டாம். உங்கள் வகுப்பு அணிவகுப்பதற்குப் பதில் மேடையில் இரண்டு நீள மேசை போட்டு உட்காரட்டும். பெற்றோர் பார்க்கப் பார்க்கத் தாளை மடித்து வெட்டி விரித்துக் கயிற்றில் ஒட்டட்டும். நாலு பிள்ளைகள் ஒலிபெருக்கியில் ஒவாஹாக்கா வீட்டில் அன்று யாருக்கு என்ன வேலை என்று சொல்லட்டும். இரண்டு பேர் டஸ்டர் பாட்டைப் பாடட்டும். ஏழெட்டு நிமிடத்தில் மேடைக்குக் குறுக்கே ஒரு தோரணம் தொங்கும். பெயின்ட் செலவு மிச்சம் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டத்தாளுக்குப் பிள்ளைகள் பெட்டியில் இருக்கும் மழுங்கல் கத்தரிக்கோல் ஆகாது, கடித்து இழுத்துவிடும். கூர்மையாக வெட்டும், முனை மட்டும் உருண்டையாக இருக்கும் கத்தரிக்கோல் கடையில் கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு முன்கூட்டியே வாங்கி, ஒத்திகையிலேயே பயன்படுத்திப் பாருங்கள்.